கல்லின் கிழக்குப் பக்கம்

இன்று கம்பெனி ஸ்டோரில் புது ரப்பர் ஷீட் ஒன்றைப் பிரித்தார்கள். கட்டியிருந்த பட்டையை அறுத்ததும் வாசனை எழுந்தது. நான் தரச்சான்றிதழில் கையெழுத்துப் போட நின்றிருந்தேன். போட்டேன். வேறு யாருடைய கையெழுத்தோ போல விழுந்தது.

நீ போய்ப் பதினோரு மாதம்.

அது உன் பெட்டியின் வாசனை. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மிஞ்சிய ரப்பரில் வளையம் வெட்டி மூடிக்குள் நீயே பொருத்தினாய். பின்கட்டில் வாளித் தண்ணீரில் அதை முக்கி, மேலே காலை வைத்து நின்றாய்.

"பாரு சாமி. நோவா கப்பலு. ஒரு சொட்டு உள்ள போவாது."

போகவில்லை. உள்ளே வைத்த காகிதம் அன்று காய்ந்தே இருந்தது. இரண்டு நாள் மழையில் கிடந்த பிறகும் காய்ந்தே இருந்தது. நனைந்து அழிந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

*

என்னைச் சாமி என்று முதலில் அழைத்தவன் நீ. கும்மிடிப்பூண்டிக்கு நான் வேலைக்கு வந்த முதல் வாரம். கேன்டீனில், வெங்காயம் போடாத குழம்பு இருக்கிறதா என்று கேட்டேன். பின்னால் தட்டோடு நின்ற நீ சிரித்தாய்.

"இன்னா சாமி, கோயில் ஊடா? எந்த ஊரு?"

"திருவள்ளூர்."

"அதான பாத்தேன். பெருமாளே வந்து லைன்ல நிக்கறாரு. வழி உடுங்கப்பா."

வரிசை முழுக்கச் சிரித்தது. நீ உன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாய். அதை எடுக்க ஒரு கணம் தயங்கினேன். நீ பார்த்தாய். பார்க்காதது போல வேறு பேச்சுக்குப் போனாய்.

அப்படித்தான் நாம் நண்பர்களானோம். நீ பார்க்காதது போல இருந்து பழகியதால்.

நீ ஃபிட்டர். நீங்களெல்லாம் செய்ததை அளந்து, சரியாக இருக்கிறது என்று காகிதத்தில் எழுதித் தருவது என் வேலை. வரலாற்றில் ஆய்வுப் பட்டம் வாங்கியவனுக்கு அந்தத் தொழிற்பேட்டையில் வேறு என்ன கிடைக்கும்? என் ஆய்வேட்டை அறையில் அலமாரியின் மேல் தட்டில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். யாராவது கேட்பார்கள் என்று. இரண்டு வருடத்தில் கேட்டது நீ மட்டும்தான்.

*

அந்த விளையாட்டு நம் ஊர் விளையாட்டு அல்ல. புது இயந்திரம் நிறுவ வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் உனக்குக் காட்டிக்கொடுத்தது. ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செயலியில் போடுவார். இடத்தின் கதையையும் எழுதுவார். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு வந்து தேடுவார்கள். கிடைத்தால், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, செயலியில் 'கிடைத்தது' என்று பதிவார்கள். இல்லையென்றால் 'கிடைக்கவில்லை'. தொடர்ந்து 'கிடைக்கவில்லை' விழுந்தால் ஒளித்தவர் நேரில் போய்ப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

"எதுக்குடா இது?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னா? எவனோ ஒருத்தன். நம்ம மூஞ்ச கூட பாத்தது இல்ல. நம்ம சொன்னத நம்பி பஸ் புட்சி வரான் பாரு. அதுக்குதான்."

உன் பெட்டியை ஊற்றங்கரையில் வைத்தாய்.

ஊற்று நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். எளாவூர் சோதனைச்சாவடிக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலை நடுவே தடுப்பு உடைந்த ஓர் இடைவெளி. அதில் புகுந்து அந்தப் பக்கம் இறங்கினால் செம்மண் தடம். அது முடிகிற இடத்தில் பூங்கா. ஒற்றைச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல். காதுடைந்த சிமென்ட் மான். நடுவில் செம்பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, கல் கட்டிய தொட்டியில் நிறையும். கோடையிலும் நிற்காது. இரும்பு வாடை. குடித்தால் பல்லில் துரு ஒட்டியது போல இருக்கும்.

பக்கத்தில் நீலப் பலகை. இந்த ஊற்றின் தீர்த்தம் முன்காலத்தில் பெருமாளின் திருமஞ்சனத்துக்குக் குடங்களில் சுமந்து செல்லப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். சுமந்தவர்கள் என் முன்னோர். திருவள்ளூருக்கு வருவதற்கு முன் எங்கள் குடும்பம் இருந்தது அந்த ஊற்று இருக்கும் ஊரில்தான். பலகையின் வாசகம் கிட்டத்தட்ட என் ஆய்வேட்டின் வாசகம். தொட்டிக்குப் பத்தடி தள்ளி, முழங்கால் உயரத்தில் சாய்ந்து நிற்கும் கல்லைப் பற்றியும் நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். கோயில் நிலத்தின் எல்லைக்கல் என்று. ஏழு பக்கம்.

நீ அதை மூன்று வாரம் படித்தாய். எண்ணெய்க் கை படாமலிருக்கப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துப்போய், ஷிஃப்ட் இடைவேளைகளில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாய்.

"எல்லைக்கல்லுதான் சாமி. கரெக்டா எழுதிகிற. யாருக்கு எல்லைன்னு எழுதல."

பிறகு உன் பெரியப்பா சொன்ன கதையைச் சொன்னாய். ஊற்று தூர்ந்துபோன ஒரு வறண்ட வருடம். வயல் வேலை செய்த உங்கள் ஆட்கள் ஒன்பது நாள் தோண்டினார்கள். எட்டாம் நாள் கரை சரிந்தது. அடியில் மண் அள்ளிக்கொண்டிருந்த பெண் புதைந்தாள். அஞ்சலை. உன் கொள்ளுத்தாத்தாவின் தங்கை. ஒன்பதாம் நாள் அவள் உடம்பு வந்தது, பின்னாலேயே தண்ணீரும் வந்தது. பத்தாம் நாள் தீர்த்தம் சுமக்கிறவர்கள் வந்து கல்லை நட்டார்கள். தோண்டியவர்கள் அதற்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றுவார்கள். கையேந்த வேண்டும்.

நான் கேட்ட முதல் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது.

"இதுக்கு எழுத்துல ஆதாரம் ஏதாவது இருக்கா?"

நீ கோபப்படவில்லை. கல்லின் மேல் இருந்த எறும்பை ஊதித் தள்ளினாய்.

"எங்க ஆளுங்களுக்கு அப்ப எழுத தெரியாது சாமி. தெரிஞ்சவங்க எழுதல."

*

பெட்டியை அந்தக் கல்லின் அடியில் வைத்தாய். கிழக்குப் பக்கம், வேர் பிளந்த பள்ளத்தில். செயலியில் கதையை எழுதினாய். அஞ்சலையின் பெயரை எழுதினாய். கல்லை நட்ட குடும்பம் எது என்று எழுதவில்லை. உனக்குத் தெரியும். என்னிடம் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. கடைசியில் இரண்டு வரி:

"இந்த கல்ல பத்தி ஒருத்தர் வேற மாதிரி ஆராய்ச்சி பண்ணி எழுதி இருக்காரு. அவரு என் ஃப்ரெண்டு. ரொம்ப நல்லவரு. இது மட்டும் தப்பா எழுதிட்டாரு."

சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள். பைக்கில், குடும்பத்தோடு, கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக. 'கிடைத்தது' என்று எழுதிவிட்டு, கூடவே நீளமாகவும் எழுதினார்கள். அஞ்சலைக்குப் பூ வைத்துவிட்டு வந்ததாக ஒரு பெண். பலகையை மாற்ற மனு கொடுக்கலாம் என்று ஒருவர். ஒரு மாணவன் மட்டும் கேட்டிருந்தான்: "அந்த நல்ல நண்பர் இதைப் படித்தாரா? என்ன சொன்னார்?" கீழே சிரிக்கும் முகம் ஒன்று.

நான் ஐந்து வருடம் உழைத்து எழுதியதை யாரும் படிக்கவில்லை. நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்தைப் படிக்க அத்திப்பட்டு தாண்டி, பொன்னேரி தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். வந்து, என் தவறைப் படித்துவிட்டுப் போனார்கள்.

காரணங்களை அழகாக எழுத எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. நல்லவரு என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். பெயர், தாகம்.

முதல் பதிவு: "அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை."

நான் அங்கே போகவே இல்லை. அறையில் கட்டிலில் படுத்திருந்தேன்.

*

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நீ சாலையைத் தாண்டிப் போய்ப் பார்த்தாய். பெட்டி இருந்தது. செயலியில் பதில் எழுதினாய்: "கீது சார். இப்பதான் பாத்தேன். கல்லோட கிழக்குப் பக்கம் கைய உட்டு பாருங்க."

அடுத்த வாரம் தாகம் எழுதியது: "எல்லைக்கல்லின் கிழக்குப் பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தயவுசெய்து மக்களை அலைய விடாதீர்கள்."

கேன்டீனில் நீ சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய்.

"பேஜாரா கீது சாமி. யாரோ தாகம்னு ஒருத்தரு. ரெண்டு தபா வந்துட்டு சும்மா போயிருக்காரு. நான் போனா கீது, அவரு போனா இல்ல. இன்னா மாயம்னு தெரியல."

"கண் சரியில்லாத ஆளா இருக்கும்," என்றேன்.

உன்னைச் சீண்டத்தான் சொன்னேன். நீ கையை நிறுத்தினாய்.

"ஆமால்ல? வயசானவரா இருப்பாரு. குனிய முடியாது. நான் ஒரு மடையன், பள்ளத்துல கொண்டும் போயி வெச்சிகிறேன்."

அன்றைக்கே போய்ப் பெட்டியைப் பள்ளத்திலிருந்து எடுத்துக் கல்லோடு ஒட்டி வைத்தாய். மேலே இரண்டு சருகு மட்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மூன்றாவதையும் எழுதினேன். இரண்டு முறை அடித்துத் திருத்தி, சொற்களைத் தேர்ந்தெடுத்து எழுதினேன். அலுவலகத்தில், தேநீர் வேளையில்.

"இந்த முறை குழந்தையை அழைத்து வந்தேன். புதையல் என்று சொல்லி அழைத்து வந்தேன். எல்லைக்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றும் இல்லை என்றதும் அழுதுவிட்டது. வழியெல்லாம் அழுதது."

எனக்குக் குழந்தை இல்லை. திருமணமே ஆகவில்லை. அந்தக் குழந்தையை அந்த நிமிடம், உனக்காக உண்டாக்கினேன்.

*

மறுநாள் மதியம் நீ ஒரு வாத்து கொண்டுவந்தாய். மஞ்சள் பிளாஸ்டிக். சாவி கொடுத்தால் நடக்கும். ஸ்டேஷன் வாசலில் வாங்கியது. கேன்டீன் மேசையில் விட்டாய். அது தள்ளாடி நடந்துபோய் எதிரே இருந்தவரின் சாம்பாரில் மூக்கை விட்டது. மேசையே கத்தியது.

"டேய், யாருக்குடா? சொல்லவே இல்ல?"

"பாப்பாவுக்கு."

"எந்தப் பாப்பாவுக்கு?"

"யாருக்குத் தெரியும்? ஒரு பாப்பா. அழுதுச்சாம்."

வாத்தின் மூக்கைச் சட்டையில் துடைத்தாய். என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"நீயும் வாயேன் சாமி. போயி நல்லா தெரியற மாதிரி வெச்சிட்டு வந்துட்லாம்."

"ரிப்போர்ட் இருக்கு."

மாலை கேட்டில் மழை பிடித்துக்கொண்டது. நீ டிபன் பாக்ஸ் பையில் வாத்தைச் சொருகிக்கொண்டு நின்றாய். அப்போது ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். குழந்தை இல்லை. அவ்வளவுதான்.

"குடை எடுத்துக்கோ," என்றேன்.

"குடை புட்சா ரோடு தெரியாது," என்றாய்.

நீ போய்ச் சேர்ந்தாய். பெட்டியை மாற்றி வைத்தாய். திரும்பும்போது அந்த இடைவெளியில். லாரி ஓட்டுநர் ஓடவில்லை என்றார்கள். இறங்கி வந்து, மழையில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். நான் அப்போது அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

*

உன்னை அடக்கம் செய்த மறுநாள் ஊற்றுக்குப் போனேன். அதற்குமேல் எளிதாக ஒரு பெட்டியை வைக்க முடியாது. தடத்திலிருந்து கல் வரைக்கும் செங்கல் துண்டுகளை வரிசையாக வைத்து வழி காட்டியிருந்தாய். கல்லின் கிழக்குப் பக்கம், வெட்டவெளியில், ஒரு குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், மூன்று செங்கல் அடுக்கி அதன் மேல் பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் காலில் தட்டியிருக்கும்.

உள்ளே வாத்து. பென்சில். நோட்டு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து.

"தாகம் சார், வணக்கம். மூணு தபா உங்கள அலைய வெச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க. பெட்டிய வெளியவே வெச்சிட்டேன். வாத்து உங்க பாப்பாவுக்கு. சாவி வயித்துக்கு கீழ கீது. அப்புறம் ஒரு விசயம். எல்லாரும் இத வெறும் கல்லுன்னுதான் எழுதுவாங்க. நீங்க எல்லைக்கல்லுன்னு எழுதறீங்க. எங்க சாமி எழுதின புக்க படிச்சிகிறீங்கன்னு புரிஞ்சிக்கினேன். உலகத்துலயே அத படிச்ச மூணாவது ஆளு நீங்க. அவங்க வாத்தியாரு, நானு, நீங்க. நாளைக்கு சாமி கிட்ட சொல்றேன். ரொம்ப சந்தோசப்படுவாரு."

பதினோரு மாதமாக இதைப் படிக்கிறேன். தெரிந்து எழுதினாயா? தெரியாமல் எழுதினாயா? தெரிந்திருந்தால், மழையில் வாத்தோடு போயிருக்க மாட்டாய். அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த அப்பளம் நினைவுக்கு வந்தது. நீ பார்த்ததும், பார்க்காதது போல இருந்ததும். அதன்பிறகு எந்தப் பக்கமும் உறுதியாகத் தெரியவில்லை.

*

உன் தெருவில் வேறு கதை ஓடியது. வேலை முடிந்தவன் வீட்டுக்குப் போகாமல், மழையில், ரோட்டைத் தாண்டி, அந்தப் பூங்காவுக்கு ஏன் போனான்? அங்கே குடிக்கிறவர்கள் போவார்கள். சோடி சோடியாகப் போவார்கள். ஜெபக் கூட்டத்துக்கு வந்த உன் அத்தை, உன் அம்மாவின் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். "குடிச்சிட்டு ரோட்ட தாண்டுனா இன்னா ஆவும்?" உன் அம்மா சர்ச்சில் முன் வரிசையில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். பிறகு போவதையே நிறுத்தினாள்.

உன் தங்கை எஸ்தர்தான் விடவில்லை. உன் உடைந்த போனைச் சரி செய்து, செயலியைத் திறந்து, உன் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். தாகத்தின் மூன்று பதிவுகளையும் மனப்பாடம் செய்துவிட்டாள். போனைப் பார்க்காமல் சொல்வாள், பைபிள் வசனம் சொல்கிற மாதிரி.

"அண்ணா, இந்த ஆளு வந்து எங்கம்மா கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும்ணா. உங்க புள்ள குடிக்க வரல, எங்க பாப்பாவுக்காக வந்துச்சுன்னு. நான் இவர திட்டல்லாம் மாட்டேன். ஒரு வார்த்த."

தாகத்துக்கு எழுதத் தொடங்கினாள். ஞாயிறுதோறும் ஒன்று. சார், நீங்க யாரு? சார், எந்த ஊரு? சார், பயப்படாதீங்க.

"பெட்டி எங்கண்ணா போச்சு? நான் போயி பாத்தேன், செங்கல்லுதான் கீது," என்றும் கேட்டாள்.

தேடித் தருகிறேன் என்றேன். அது என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

கொடுத்துவிட முடிவு செய்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு. ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பிசிறில்லாமல் கிழித்தேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும். பக்கம் இல்லாவிட்டால் என்ன, வாத்து பேசும் என்று நினைத்தேன்.

பேசியது.

உன் அம்மா பெட்டியைத் திறந்தாள். வாத்தை எடுத்தாள். அத்தை எட்டிப் பார்த்தாள்.

"யாரு புள்ளைக்குடி இது?"

"யாரோ ஒருத்தரு பாப்பாவோட வந்தாராம் அத்தே. அதுக்கு," என்றாள் எஸ்தர்.

"யாரோ ஒருத்தன் புள்ளைக்கு எவனாச்சும் மழைல போயி பொம்ம வெப்பானா? தன் புள்ளையா இருந்தா வெப்பான்."

அவள் அதைக் குத்தத்தான் சொன்னாள். உன் அம்மா வாத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அப்டினா புள்ள எங்கியோ கீது," என்றாள்.

அன்றிலிருந்து, நீ குடித்தாய் என்ற கதையைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை. யாரோ ஒரு பெண்ணோடு உனக்கு ஒரு குழந்தை இருக்கிறது. அவள் பயந்து ஒளிந்திருக்கிறாள். தாகம் அந்தப் பெண்ணுக்கு வேண்டியவர். இப்படி ஒரு கதை அவளுக்குள் கட்டி எழுந்துவிட்டது. எஸ்தர் மறுத்துப் பார்த்தாள். பிறகு அவளும் மறுப்பதை விட்டுவிட்டாள். அம்மா மறுபடி சோறு சாப்பிடுகிறாள், அதனால்.

*

போன ஞாயிறு உன் வீட்டில் இருந்தேன். உன் அம்மா இட்லி வைத்தாள்.

"துன்னு சாமி. நாஷ்டா கூட துன்னாம சுத்திக்கினு கீற. எளச்சி பூட்ட."

வாத்து டிவிக்கு மேலே இருந்தது. தூசி படியாமல் பாலிதீன் உறைக்குள்.

எஸ்தர் தரையில் உட்கார்ந்து, அடிப்பதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள். "சார், நீங்க வரலன்னா பரவால்ல. பாப்பா பேரு மட்டும் சொல்லுங்க. எங்கம்மா ஜெபத்துல வெக்கணும்னு கேக்குது."

அனுப்பினாள். என் சட்டைப்பை அதிர்ந்தது.

"எடு சாமி, ஆபீஸா இருக்கப் போவுது," என்றாள் உன் அம்மா.

சந்துக்கு வந்தேன். குழாயடியில் நின்று போனைத் திறந்தேன். அவளுடைய வரி இருந்தது. உண்மையைத்தான் எழுதப் போனேன். நம்பினால் நம்பு. குழந்தை இல்லை என்று எழுத, முதல் எழுத்தை அடித்தேன். உள்ளிருந்து எஸ்தரின் குரல் கேட்டது.

"அம்மா! எழுதிக்கினு கீறாரும்மா! வந்து பாரு, எழுதிக்கினு கீறாரு!"

ஏதோ பாத்திரம் உருண்டது. கதவின் இடுக்கில் பார்த்தேன். இரண்டு தலைகளும் ஒரே போன்மீது குனிந்திருந்தன. வெளிச்சம் இரண்டு முகங்களிலும். நான் விரலை எடுத்தால் அந்த வெளிச்சம் போய்விடும்.

அழித்தேன். வேறு சொல் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பெயரை எழுதி அனுப்பினேன்.

உள்ளே எஸ்தர் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"அஞ்சலையா?"

"அஞ்சலைன்னுதாம்மா போட்டுகிறாரு."

"அஞ்சலை," என்றாள் உன் அம்மா. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். "எங்க ஊட்டுப் பேருடி அது. வேற யாரு வெப்பாங்க? அவன்தான் வெச்சிகிறான்."

நான் உள்ளே போனபோது அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். பொம்பளப் புள்ள சாமி என்றாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஊற்றில் தோண்டிச் செத்தவளிடமிருந்து என் ஆட்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த பெயரை நான் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது எஸ்தர் வாசல்வரை வந்தாள்.

"அண்ணா, அந்தக் கல்ல பத்தி நீ ஒரு புக்கு எழுதிகிறியாமே. அண்ணன் எழுதின பக்கத்துல போட்டுகிது. எனக்குப் படிக்கக் குடுண்ணா. அந்த எடத்த பத்தி எல்லாம் தெரிஞ்சிக்கணும். எங்கனா ஒரு துப்பு கெடைக்காதா?"

நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அதை நெஞ்சோடு அணைத்து வாங்கிக்கொண்டாள். உன்னைப் போலவே ஒரு பாலிதீன் பையில் சுற்றினாள்.

கிழித்த பக்கம் நான்காக மடித்து என் சட்டைப்பையில், போனுக்குப் பின்னால் இருக்கிறது. துவைக்கப் போடும்போது எடுப்பேன். உலர்ந்த சட்டையில் மறுபடி வைப்பேன். நீ நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுதியதை, இன்னும் நீ என்னிடம் சொல்லவில்லை.

எஸ்தர் அதைப் படிக்கும் நான்காவது ஆள். தாகத்தின் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம். தாகத்தைத் தவிர அங்கே யாரும் எழுதாத எல்லைக்கல் என்ற சொல், நான்காம் அத்தியாயத்தின் முதல் வரியிலேயே வருகிறது.

நீ மூன்று வாரம் எடுத்துக்கொண்டாய். அவள் உன்னைவிட வேகமாகப் படிப்பாள்.